தலை எண்ணெய்

பின்னால நில்லும்மான்னு சொல்லிட்டான். வாயால கூட சொல்லல, கையை மட்டும் அப்பிடி ஆட்டினான், முறத்துல வாய் வைக்க வந்த கோழிய வெரட்டற மாதிரி. நல்ல காரியம் நடக்கற எடத்துல தாலியறுத்தவ முன்னால நிக்கக்கூடாதாம். ஆபீஸ்ல காபி குடுக்கற பொம்பள முன்னால நிக்கறா. போன மாசம் வேலைக்கிச் சேந்த பொண்ணு சந்தனக் கிண்ணத்த ஏந்திக்கினு நிக்கறா. நிக்கட்டும், அதுங்க மேல எனக்கென்ன கோவம். ஆனா அந்தா பளபளன்னு சுவரோரம் ஓடுதே புதுப் பைப்பு, அதுல ஒவ்வொரு துண்டையும், ஒவ்வொரு வால்வையும் உள்ள கைவிட்டுத் தொடச்சவ நான். வெள்ளத் துணியில அழுக்கு ஏறாத வரைக்கும் தொடச்சேன். துணி தேய்ஞ்சிதோ இல்லியோ என் விரல் தேய்ஞ்சி போச்சி. அந்தக் கை மட்டும் வேணும், மூஞ்சி வேணாம். சரிப்பா குணசீலா, பிளான்ட் மேனேஜரு நீ, நீ சொன்னா பின்னால நிக்கறேன். பின்னால இருந்து பாத்தா ஒன் பொடனி நல்லா தெரியுது. புதுசா முடி வெட்டிக்கினு வந்திருக்கே. கழுத்துப் பட்டைக்கி மேல வெளுப்பா ஒரு கோடு. என் வீட்டுக்காரருக்குக் கடைசியில பொடனியே இல்லடா பாவி. துணியில சுத்திக் குடுத்தானுங்க, முன்னால எது பின்னால எதுன்னு தெரியாம நான் கால்மாட்டுல ஒக்காந்து அழுதேன்.

ஐயரு கற்பூரத்த எடுத்துட்டாரு போலிருக்கு. அய்யய்யோ வேணாம் சாமின்னு நாலு பேரு ஓடறான். ஆக்சிஜன் பிளான்ட்டுல கற்பூரமா, வௌக்கா, ஊதுவத்தியா, எதுவும் கூடாது. கேட்டாண்ட செக்யூரிட்டி ரூமு வாசல்ல காட்டிட்டு, குங்குமத்த மட்டும் உள்ள எடுத்தாங்கன்னு குணசீலன் சொல்றான். எவ்ளோ பொறுப்பு பாரு. முதலாளி சேர்ல ஒக்காந்து மணியப் பாக்கறாரு. வெள்ளிக்கெழம, பத்தரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள வால்வைத் தொறந்து காத்து வுட்டுடணும். அவருக்கு ராகுகாலம்னா அப்பிடி ஒரு பயம், புது லாரி வாங்கினா கூட ராகுகாலத்துல சாவி வாங்கமாட்டாரு. இந்த ஆளுக்கு நேரம் காலம் எல்லாம் தெரியும், ஆனா அந்தப் பழைய வால்வு இறுகிப் போயி ஒரு வருசமா கத்திச்சே, அதுக்கு மட்டும் நேரம் வரல. இன்னிக்கி வந்திருக்கு. பழைய பைப்பையெல்லாம் அறுத்து பின்பக்கம் போட்டு வச்சிருக்கானுங்க, துருப்புடிச்சி, வாயப் பொளந்துக்கினு. மிசினெல்லாம் நிறுத்தி வச்சதுல பிளான்ட்டே அமைதியா இருக்கு. எந்நேரமும் காது அடைக்கற எடம், இப்ப காக்கா கத்தறது கேக்குது. பழகாத அமைதி. 

மாத்தணும் மாத்தணும்னு என் வீட்டுக்காரரு சாப்புடறப்ப கூட பொலம்புவாரு. சோத்துல கைய வச்சிக்கினே, ரெண்டு கையால திருப்பினாலும் அசைய மாட்டேங்குதுடி அஞ்சுகம், சனியன் புடிச்ச வால்வுன்னு. பிளான்ட்ட நிறுத்தறப்ப, அடுத்த ஷட்டவுன்ல பாத்துக்கலாம் ஏகாம்பரம், அடுத்த ஷட்டவுன்ல பாத்துக்கலாம்னு சொல்லிக்கினே இருந்தான் குணசீலன். தீபாவளி வந்துச்சி. ஊரெல்லாம் லீவு, ஆனா ஆஸ்பத்திரிக்கி சிலிண்டரு போவணும், பிளான்ட்டுக்கு ஏது தீபாவளி. காலையில போயி மதியானம் வந்துடறேன்னாரு. விடியறதுக்கு முன்னால ஒக்கார வச்சி தலைக்கி நல்லெண்ணெய் வச்சேன். நான்தான் வச்சேன். உச்சியில மூணு பொட்டு வச்சி, கை நெறைய ஊத்தி, பரபரன்னு தேய்ச்சேன். போதும்டி, பிளான்ட்டுக்குப் போறேன், எண்ணெய் மேல ஆக்சிஜன் பாஞ்சா பத்திக்கும், எண்ணெயோட வுடமாட்டானுங்கன்னாரு. வருசத்துக்கு ஒரு நாளு, சும்மா இருங்க, நான் சீயக்காய் போட்டு எடுத்துடறேன்னேன். எடுத்தேன். ரெண்டு வாட்டி போட்டுத் தேய்ச்சேன். கண்ணு எரியுதுன்னு கத்தினாரு, எம்பொண்ணு வாசல்ல நின்னு சிரிச்சா. முடி அப்பிடியே நார் நாரா நின்னுச்சி. எண்ணெய் ஏது அதுல? என் மூக்கால மோந்து பாத்தேன், சீயக்காய் வாசனதான் வந்துச்சி. ஆனா அதை யாருகிட்ட போயி சொல்றது? என் மூக்கை யாரு நம்புவா?

குணசீலன் ரிப்போர்ட்ல எழுதிட்டான். தீபாவளி எண்ணெய்க் குளியல் முடிச்சிட்டு வந்த தொழிலாளி, தலையில எண்ணெயோட ஆக்சிஜன் வால்வைத் தொறந்ததால தீப்புடிச்சிதுன்னு. முதலாளி கையெழுத்துப் போட்டாரு, முடிஞ்சிது கத. கேட்டாண்ட போர்டு வச்சானுங்க, தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு உள்ளே வராதேன்னு, பக்கத்துல செகப்புல ஒரு தலை படம் வேற. தெனம் அதைத் தாண்டித்தான் வேலைக்கி வரேன். கருணையில குடுத்த வேலையாம். என்ன வேலை தெரியுமா, வால்வுல எண்ணெய் இருக்கான்னு பாத்துத் தொடைக்கற வேலை. எவன் மூளையில உதிச்சிதோ. புதுசா யாரு சேந்தாலும் பயிற்சியில ஏகாம்பரம் கதையச் சொல்லுவானுங்க, பொண்டாட்டி எண்ணெய் வச்சி அனுப்பினா, புருசன் எரிஞ்சி போனான்னு. நான் அடுத்த ரூம்ல துணி மடிச்சிக்கினு கேட்டுக்கினு இருப்பேன். எங்க மாமியா செத்துப்போற வரைக்கும் என் கையால தண்ணி வாங்கிக் குடிக்கல. அது கூட போவட்டும். போன பொங்கலப்ப எம்பொண்ணு கேட்டா பாரு, அம்மா, நீ அப்பாவுக்கு எண்ணெய் வச்சதாலதான் அப்பா செத்தாராம்மா, ஸ்கூல்ல சொல்றாங்கன்னு. குழம்பு கொதிச்சிக்கினு இருந்துச்சி. எவ சொன்னா உனக்குன்னு முதுகுல ஒண்ணு வச்சேன். அடிச்சிட்டு நான் அழுதேன். அவ அழல. அவ முடிக்கி நான் எண்ணெய் வைக்கறதே இல்ல, அதுக்கப்புறம் எங்க வீட்டுல எண்ணெய் சட்டியில மட்டும்தான். டீச்சரு கூப்ட்டுக் கேக்கறா, ஏம்மா புள்ளய இப்பிடி பரட்டையா அனுப்பறேன்னு. என்னத்தச் சொல்ல.

யேசுபாதம் அண்ணன் அந்தா தூணோரம் நிக்கறாரு. என்னைப் பாக்கல. பாக்கமாட்டாரு. அன்னிக்கி பத்திக்கினு எரிஞ்ச மனுசன வெறுங்கையால இழுத்துப் போட்டவரு அவருதான். ரெண்டு உள்ளங்கையும் சுருங்கிப் போயி, டம்ளரு புடிக்கவே ரெண்டு கை வேணும் இப்ப. ஆஸ்பத்திரி மாடிப்படியில என்னை ஓரமா கூப்ட்டு, கட்டுப் போட்ட கையோட அழுதாரு. தங்கச்சி, எண்ணெயும் இல்ல மண்ணும் இல்ல, வால்வு அசையலன்னு முந்தின நாளு சாயந்தரம் வெளியாளு ஒருத்தன வச்சி குணசீலன் சாரு உள்ள கிரீஸ் வைக்கச் சொன்னாரு, நான் பாத்தேன், ஏகாம்பரத்துக்கு அன்னிக்கி லீவு, அவனுக்குத் தெரியாது, நான் சொல்றதுக்குள்ள வந்து தொறந்துட்டான்னாரு. ஆக்சிஜன் வால்வுல கிரீஸ்! இங்க கூட்டறவளுக்கு கூட தெரியும் கூடாதுன்னு. அவனுக்குத் தெரியாதா? தெரியும். அவசரம். ஒரு நாளு ஓட்டிட்டா போதும்னு நெனச்சிருப்பான். அண்ணே, இத விசாரணையில சொல்லுங்கண்ணேன்னு கால்ல வுழுந்தேன். மூணு பொம்பளப் புள்ளைங்க தங்கச்சி, வேலை போயிடும், என்னால முடியாதுன்னாரு. முடியலன்னா முடியல. எனக்காகக் கையைக் குடுத்தாரு, வாயைக் குடுக்கல. எத்தினி ராத்திரி அந்த மனுசனத் திட்டியிருக்கேன். அப்புறம் அந்தக் கையைப் பாத்தா திட்ட வராது.

அதனாலதான், அதனாலதான்டா குணசீலா, நீ இன்னிக்கி உசுரோட நிக்கறே. போன வாரம் இந்தப் பெரிய வால்வு தொடைக்க வந்துச்சி. கண்காட்சியில வச்ச மாதிரி மேசை மேல. மேனேஜரு சாரே தன் கையால தொறக்கப் போறாராம், போட்டோ எடுக்கப் போறாங்களாம்னு பக்கத்துல இருந்தவ சொன்னா.  ஆத்திரம் வந்தா கொதிக்கும்னு சொல்றாங்க, எனக்குக் குளுந்துச்சி. மறுநாளு சோத்துப் பையில சின்ன பாட்டில்ல தேங்கா எண்ணெய் எடுத்தாந்தேன். எண்ணெய்தானே கொன்னுச்சின்னு எழுதினே? இந்தா எண்ணெய். ஒன் ரிப்போர்ட்டு நெசமாவட்டும். அவ சாப்புடப் போனா. கையுறைய கழட்டினேன். கட்டைவெரல பாட்டில்ல முக்கினேன். ஊதா வௌக்கு ஒண்ணு இருக்கு எங்க ரூம்ல, இருட்டுல அடிச்சா எண்ணெய் பட்ட எடம் மட்டும் மின்னும், அதை வச்சித்தான் தொடச்சது சுத்தமான்னு பாப்போம். அந்த வெளிச்சத்துல என் கட்டைவெரல் மட்டும் வெள்ளையா மின்னிச்சி. வால்வோட வாயண்ட கொண்டு போனேன். ஒரு தேய்ப்பு. ஒரே ஒரு தேய்ப்பு போதும். கண்ணை மூடி அவன் எரியறதப் பாத்தேன், நல்லா பாத்தேன், அவன் கத்தறதக் கேட்டேன், பொய் சொல்லுவானேன், எனக்கு நல்லாத்தான் இருந்துச்சி. அப்புறம் பாத்தா அவனை இழுக்க ஒருத்தரு ஓடறாரு. யாரு? யேசுபாதம் அண்ணன்தான் ஓடுவாரு. அந்த மனுசனுக்கு நின்னு வேடிக்கை பாக்கத் தெரியாது. மிச்சம் இருக்கற கையும் போயிடும். அந்தப் பக்கத்துலயே சந்தனக் கிண்ணத்தோட யாராவது ஒரு பொண்ணு நிக்கும்.  விரலத் தொடச்சேன், சோப்புப் போட்டேன், எண்ணெய் எடுக்கற மருந்து போட்டேன், வால்வைத் தொடவே இல்லைன்னாலும் மறுபடி முழுசா கழுவி, மறுபடி வௌக்கு அடிச்சி, மூடி போட்டு டேப்பு ஒட்டினேன். இந்தப் பிளான்ட்டுலயே சுத்தமான வால்வு அதுதான். போடி கோழைன்னு என்னை நானே திட்டிக்கினேன். இன்னிக்கி வரைக்கும் திட்டிக்கினுதான் இருக்கேன். எல்லாரும் நல்லா இருங்க. நீயும் நல்லா இரு. போட்டோ எடுத்துக்கோ.

குங்குமம் வந்துடுச்சி. வால்வைத் திருப்பற சக்கரத்துக்கு நடுவுல சந்தனம், அதுக்கு மேல பொட்டு. மால போட வேணாம்னு யாரோ சொல்றான். எனக்குக் கால் கடுக்குது, தண்ணி தாகம். முதலாளி மறுபடி மணியப் பாக்கறாரு, சீக்கிரம் சீக்கிரங்கறாரு. குணசீலன் தொண்டையக் கனைக்கறான். ரெண்டு வார்த்த பேசிடறேன் சார்ங்கறான். பேசு. ஒன் வாயில என்ன வரும்னு பாக்கலாம். பழசாப்போன வால்வு, பைப்பு எல்லாம் நம்ம முதலாளியோட பெரிய மனசால மாத்தியிருக்கோம்ங்கறான். கை தட்டறானுங்க. இந்த லைன்ல நமக்கு ஒரு கெட்ட அனுபவம் உண்டுங்கறான். எனக்குக் காது ரெண்டும் சூடாவுது. வேணாம்டா. இன்னிக்கி வேணாம். ஒரு தொழிலாளியோட அலட்சியம், தலையில எண்ணெய், அவ்ளோதான், ஒரு உசுரு போச்சி, நாம எல்லாரும் அதைப் பாடமா எடுத்துக்கணும்ங்கறான். தலைய இப்பிடிச் சாய்ச்சி சோகமா வேற வச்சிக்கறான். என் பக்கம் திரும்பவே இல்ல. கையத் தூக்கி சக்கரத்து மேல வைக்கறான். போட்டோக்காரன் குனியறான்.

"சார்."

யாரு கூப்ட்டது? என் தொண்டைதான். எல்லாத் தலையும் திரும்புது. ஐயரு மொகம் சுளிக்கறாரு, நல்ல நேரத்துல பின்னால இருந்து கூப்டறாளேன்னு.

"என்னம்மா அஞ்சுகம், அப்புறமா பேசலாம்."

"இல்ல சார், அந்த வால்வைத் தொடச்சது நான். அன்னிக்கி தலைக்கி எண்ணெய் வச்சிக்கினு வந்துட்டேன் சார்."

நான் நெனச்சி சொல்லல. சத்தியமா நெனச்சி சொல்லல. வாயே சொல்லிச்சி. சந்தனக் கிண்ணம் வச்சிருக்கற பொண்ணு ரெண்டு எட்டு பின்னால போறா. யேசுபாதம் அண்ணன் இப்பத்தான் என்னைப் பாக்கறாரு. என் மூஞ்சிய இல்ல, என் முடியப் பாக்கறாரு. தேங்கா நாராட்டம் காஞ்சி கெடக்கற முடி. அவருக்குத் தெரியும், என் வீட்டுக்காரரு செத்ததுல இருந்து இந்தத் தலை எண்ணெயே பாத்ததில்லன்னு. ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நான் பொய்க்காரி ஆயிடுவேன். அண்ணன் வாயத் தொறக்கல. அன்னிக்கி மூடின வாய் இன்னிக்கும் மூடியே இருக்கு. இந்த வாட்டி எனக்காக.

"என்னய்யா சொல்றா இவ?" முதலாளி சேர்ல இருந்து எழுந்துட்டாரு.

"ஒண்ணுமில்ல சார், ஏதோ ஒளறுது."

"எண்ணெய்ங்கறாளே. கழட்டிப் பாத்துடலாமா?"

"சார், கழட்டினா இன்னிக்கி முழுக்க போயிடும் சார். ராகுகாலம் வேற வந்துடும். இன்னும் அஞ்சி நிமிசம்தான் இருக்கு."

முதலாளி மணியப் பாக்கறாரு. என்னைப் பாக்கறாரு. வால்வைப் பாக்கறாரு. "அப்ப தொறந்தா ஒண்ணும் ஆவாதா? நீ சொல்லு. தெளிவா சொல்லு."

குணசீலன் சிரிக்கறான். பெரிய மனுசன் சிரிப்பு, சின்ன புள்ளைக்கிச் சொல்றவன் சிரிப்பு. "ஒண்ணும் ஆவாது சார். தலையில வச்ச எண்ணெய் வால்வுக்குள்ள எப்பிடி சார் போவும்? உள்ள கிரீஸ் கிரீஸா அப்பியிருந்தாத்தான் தீப்புடிக்கும். தலை எண்ணெய்ல எவன் சார் செத்தான்?"

சொல்லிட்டான். முழுசா சொல்லிட்டான். அவன் வாயாலயே, முதலாளி முன்னால, ஐயரு முன்னால, அறுபது எழுபது சனத்து முன்னால. சொன்னது அவன் காதுல போயி வுழுந்ததும் சிரிப்பு மட்டும் மூஞ்சியில தனியா நிக்குது, கண்ணு எங்கியோ போயிடுச்சி.  காக்கா கத்துது. எம்பொண்ணு இப்ப ஸ்கூல்ல இருப்பா, பரட்டத் தலையோட. அடியே, கேட்டியாடி. சாயந்தரம் வந்து சொல்றேன், இதே வார்த்தையில சொல்றேன், ஒரு எழுத்து மாத்தாம. முதலாளி மெதுவாக் கேக்கறாரு, "கிரீஸா? எந்தக் கிரீஸுய்யா?" யேசுபாதம் அண்ணன் தூண வுட்டு நகர்றாரு. ஒரு எட்டு முன்னால வராரு. அந்தச் சுருங்கின கையத் தூக்கறாரு, ஸ்கூல்ல பதில் தெரிஞ்ச புள்ள தூக்கற மாதிரி. "நான் சொல்றேன் சார்"ங்கறாரு. 

நான் அந்தப் பக்கம் பாக்கல. எனக்கு இப்ப குணசீலன் கை மட்டும்தான் கண்ணுல தெரியுது. சக்கரத்து மேலயே இருக்கு. திருப்பினா அவன் சொன்னது நெசம், என் வீட்டுக்காரரு எண்ணெயால சாவல. திருப்பாம கைய எடுத்தா பயந்தவன், அதையும் எல்லாரும் பாப்பாங்க. விரலு இறுக்குது, சக்கரம் திரும்பல. அவ்ளோ சுத்தமா தொடச்ச வால்வு, சின்னப் புள்ள தொட்டாக் கூட சுத்தும். சட்டைக் கழுத்துல வேர்வை எறங்குது. அந்த வெள்ளக் கோடு நனைஞ்சி போச்சி. பின்னாலயே நிக்கச் சொன்னவன் இவன், நான் ஏன் கேக்கணும்? ஒவ்வொரு ஆளா தள்ளிக்கினு முன்னால போறேன். யாரும் மறிக்கல. சந்தனம் வச்ச சக்கரத்துக்கு எதுத்தாப்புல, அவனுக்கு நேரா நிக்கறேன். இவ்ளோ கிட்டக்க இது வரைக்கும் அவன் மூஞ்சியப் பாத்ததே இல்ல.

"தொறங்க சார். தலை எண்ணெய்தானே, தொறங்க."